பேச்சு எந்த இடத்தில் நின்றது? பார்வையற்றவர் தனியாக டெபியன் நிறுவும்போது எழும் சிக்கல்களும் தீர்வுகளும்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத, ஆனால் இன்னும் நன்றாக உழைக்கிற மடிக்கணினிகள் நம்மில் பலரிடம் இருக்கின்றன. அவற்றில் விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமாகிய டெபியன் லினக்ஸை நிறுவலாமா என்று பார்வையற்ற நண்பர்கள் கேட்கும்போது, தயங்காமல் நிறுவுங்கள் என்றே சொல்லிவருகிறேன். டெபியனை நிறுவித் தரும் மென்பொருளான 'நிறுவி' முதல் கேள்வியிலிருந்தே பேசும். பேச்சின் துணையோடு நிறுவினால், நிறுவி முடித்த கணினியிலும் பேச்சு வசதி தானாகவே சேர்க்கப்பட்டுவிடும். பார்வையுள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் வாசித்துச் சொல்ல வேண்டிய தேவை இல்லை.

ஆனால் இடையில் ஏதேனும் தவறினால் நம் நிலை வேறு. பார்வையுள்ளவருக்குத் திரையில் ஒரு பிழைச் செய்தி தெரியும். நமக்குக் கிடைப்பது அமைதி மட்டுமே. பென் டிரைவ் சரியாக எழுதப்படாவிட்டாலும் அமைதி, ஒலி வேறு சாதனத்துக்குப் போனாலும் அமைதி, கணினி கடவுச்சொல்லுக்காகக் காத்திருந்தாலும் அதே அமைதி. எனவே 'பேசவில்லை' என்று முடிவுகட்டி மின்விசையை அழுத்தி அணைப்பதற்கு முன், கடைசியாகக் கேட்ட ஒலி எது, அதற்குப் பின் எவ்வளவு நேரம் ஆயிற்று என்ற இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள பகுதிகளை நிறுவல் நடக்கும் வரிசையிலேயே அமைத்திருக்கிறேன்.

சரியாக நடக்கும் நிறுவல் எப்படி ஒலிக்கும்

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பென் டிரைவிலிருந்து கணினி துவங்கியதும் டெபியனின் துவக்கப் பட்டியல் வரும். விசைகளை ஏற்கத் தயாரானதும் அது பீப் ஒலி எழுப்பும்: கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள் பழைய பயாஸ் வகையென்றால் ஒரு பீப், புதிய யூ.ஈ.எஃப்.ஐ. வகையென்றால் இரண்டு பீப். அப்போது எஸ் எழுத்தைத் தட்டி என்டர் அழுத்த வேண்டும். எந்த விசையையும் தொடாமல் விட்டால், அரை நிமிடத்துக்குப் பின் பேச்சுடன் கூடிய நிறுவல் தானாகவே தொடங்கும். பிறகு சற்று நேரம் அமைதி நிலவும். பழைய பென் டிரைவாக இருந்தால் இது ஒரு நிமிடத்தையும் தாண்டலாம். அதன் பின், எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருளான ஈஸ்பீக்கின் அந்த உலோகக் குரல் ஆங்கிலத்தில் மொழிப் பட்டியலை வாசிக்கத் தொடங்கும். விண்டோஸில் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளான (திரைவாசிப்பான்) என்.வி.டி.ஏ.வில் ஈஸ்பீக் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்தக் குரல் பழைய நண்பரைப் போன்றது.

நிறுவலின் மொழியாக ஆங்கிலத்தையே வைத்துக்கொள்ளுங்கள். ஈஸ்பீக்கில் தமிழ்க் குரல் உண்டு என்றாலும், பேச்சு நிறுவல் நடப்பது, படங்களின்றி எழுத்து வரிகள் மட்டும் ஓடும் எழுத்து முனையத்தில்; அந்த முனையம் தமிழ் எழுத்துகளைச் சரிவரக் கையாளக்கூடியதன்று. நிறுவிய பின் லினக்ஸின் ஆர்க்கா திரைவாசிப்பானில் தமிழை அமைத்துக்கொள்ளலாம்.

முன்னேற்பாடாக மூன்று பொருள்களை மேசையில் எடுத்து வையுங்கள். எண் தளம் உள்ள முழு அளவு யூ.எஸ்.பி. விசைப்பலகை ஒன்று, யூ.எஸ்.பி. ஹெட்செட் அல்லது மலிவான யூ.எஸ்.பி. சவுண்ட் கார்டு ஒன்று, திரையைப் படம் பிடித்து வாசிக்கும் செயலி உள்ள செல்பேசி ஒன்று. இம்மூன்றும் எதற்கு என்பது போகப்போகத் தெரியும்.

அறிகுறி: பென் டிரைவைச் செருகியும் கணினி பழைய விண்டோஸுக்கே போகிறது

இந்த வேலை முழுவதிலும் நமக்கு எதிரான பகுதி இதுவே என்று கருதுகிறேன். கணினியின் ஃபர்ம்வேர் (பயாஸ் அல்லது யூ.ஈ.எஃப்.ஐ.) அமைப்புத் திரையில் எந்தத் திரைவாசிப்பானும் ஓடாது. இயங்குதளம் துவங்குவதற்கு முந்திய கட்டம் அது. டெல், லெனோவோ கணினிகளில் எஃப்12, எச்.பி. கணினிகளில் எஃப்9 என்று துவக்கச் சாதனப் பட்டியலுக்கான விசைகள் உண்டு. ஆனால் அந்தப் பட்டியலில் பென் டிரைவ் எத்தனையாவது வரியில் இருக்கிறது என்பது கணினிக்குக் கணினி மாறும். போதாக்குறைக்கு, பல மடிக்கணினிகளில் எஃப் வரிசை விசைகள் ஒலி, வெளிச்சம் ஆகியவற்றுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதால் எஃப்.என். விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். வெளி விசைப்பலகையை இணைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும்.

விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அங்கிருந்து பென் டிரைவுக்குத் தாவுவதுதான் நமக்கு ஏற்ற வழி. ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி 'ரீஸ்டார்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், விண்டோஸின் மீட்புச் சூழல் திறக்கும். அங்கு கண்ட்ரோல், விண்டோஸ், என்டர் ஆகிய மூன்றையும் ஒருசேர அழுத்தினால் பல கணினிகளில் விண்டோஸுடனே வரும் திரைவாசிப்பானான நரேட்டர் பேசத் தொடங்கும். 'யூஸ் எ டிவைஸ்' என்ற பொத்தானுக்குப் போய், பட்டியலில் யூ.எஸ்.பி. சாதனத்தைத் தேர்ந்தெடுத்தால் கணினி நேராக அதிலிருந்து துவங்கும்.

இது பலிக்காவிட்டால், பார்வையுள்ள ஒருவரின் உதவியை ஒரே ஒரு முறை பெறுங்கள். ஆனால் அந்த உதவியைச் சரியான இடத்தில் கேளுங்கள். 'இந்த முறை பென் டிரைவைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள்' என்று கேட்காமல், 'துவக்க வரிசையில் யூ.எஸ்.பி.யை நிரந்தரமாக முதலிடத்தில் வைத்துச் சேமித்துக் கொடுங்கள்' என்று கேளுங்கள். அதன் பின் பென் டிரைவ் செருகியிருந்தால் அதிலிருந்தும், இல்லாவிட்டால் வன்தட்டிலிருந்தும் கணினி துவங்கும். இரண்டே நிமிட வேலைதான். அந்தக் கணினி இருக்கும் வரை நீங்கள் தனியாகவே எதையும் நிறுவிக்கொள்ளலாம்.

உதவிக்கு யாருமில்லாதபோது செல்பேசியின் கேமராவைத் திரைக்கு முன் பிடித்து சீயிங் ஏ.ஐ., லுக்அவுட் போன்ற செயலிகளால் வாசிக்கலாம். ஆனால் அவற்றின் எழுத்து வாசிப்பு திரையிலுள்ள வரிகளையெல்லாம் சொல்லுமே தவிர, அவற்றுள் எந்த வரி இப்போது தேர்வில் இருக்கிறது என்பதைச் சொல்லாது. அதுதானே நமக்கு வேண்டிய செய்தி. ஆகவே பட்டியலின் வரிசையை அறிந்துகொள்ளச் செயலியையும், தேர்வு எங்கே நிற்கிறது என்பதை அறிய, காணொளி அழைப்பில் பார்வையுள்ளவர்கள் உதவும் பி மை ஐஸ் செயலியின் தன்னார்வலர் ஒருவரின் கண்களையும் பயன்படுத்துவது பாதுகாப்பானது. அறையின் விளக்கை அணைத்துவிட்டு, செல்பேசியை ஒரு முழத் தூரத்தில் நேராகப் பிடித்தால் கண்ணாடிப் பிரதிபலிப்பு குறையும்.

கையொப்பமிட்ட மென்பொருளை மட்டுமே துவங்கவிடும் செக்யூர் பூட் வசதியை நிறுத்தினால்தான் லினக்ஸ் துவங்கும் என்று பலர் சொல்வார்கள். 2019-இல் வந்த டெபியன் 10 முதல் அந்தத் தேவை இல்லை. தேவையில்லாமல் அதை மாற்றினால், வன்தட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கம் உள்ள கணினியில் அடுத்த முறை விண்டோஸ் துவங்கும்போது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும் திரை வந்து நிற்கும், என்.வி.டி.ஏ. அங்கே பேசாது. கணினி கெட்டுப்போய்விட்டது என்றே நமக்குத் தோன்றும். விண்டோஸை வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால், எதையும் தொடங்கும் முன் அந்த 48 இலக்கங்களைச் செல்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: பீப் ஒலியே கேட்கவில்லை

இதனால் மட்டும் நிறுவல் தோற்றுவிட்டது என்று கொள்ள வேண்டாம். பீப் ஒலிக்கான சிறு ஒலிபெருக்கி இல்லாத மடிக்கணினிகள் ஏராளம். எதையும் அழுத்தாமல் மூன்று நிமிடம் பொறுத்திருங்கள். துவக்கப் பட்டியல் வந்திருந்தால் பேச்சு நிறுவல் தானே தொடங்கிவிடும். பதற்றத்தில் ஏதேனும் ஒரு விசையைத் தட்டிவிட்டால் அந்தத் தானியங்கிக் கணக்கு நின்றுபோகும். பிறகு எஸ் தட்டும் வரை பட்டியல் அப்படியே காத்திருக்கும்.

மூன்று நிமிடம் ஆகியும் பேச்சு வரவில்லை என்றால், அணைத்துவிட்டு மீண்டும் துவக்கி, பத்தாவது நொடியில் ஒருமுறை எஸ், என்டர் தட்டிப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் பென் டிரைவை வேறொரு கணினியில் சோதியுங்கள். விண்டோஸில் ரூஃபஸ் என்ற பென் டிரைவ் எழுதும் மென்பொருளைக் கொண்டு எழுதியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுதத் தொடங்கும்போது ஐ.எஸ்.ஓ. முறையா, டி.டி. முறையா என்று அது ஒரு கேள்வி கேட்கும். இயல்பாக நிற்கும் தேர்வு ஐ.எஸ்.ஓ. முறை, டெபியனுக்கு டி.டி. முறையே ஏற்றது. ஐ.எஸ்.ஓ. முறையில் எழுதிய பென் டிரைவ் சில வேளைகளில் துவங்கிவிட்டு, பாதி வழியில் நிறுவல் ஊடகத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று கூறி நின்றுவிடும். அந்தச் செய்தி உங்கள் காதில் விழுந்தால், வேறெதையும் ஆராயாமல் பென் டிரைவை டி.டி. முறையில் மறுபடி எழுதுங்கள்.

அறிகுறி: பீப் கேட்டது, எஸ் தட்டி என்டர் அழுத்தியாயிற்று, அதன் பின் ஒன்றுமே இல்லை

முதலில் இரண்டு நிமிடம் பொறுங்கள். பிறகு செல்பேசியால் திரையை ஒருமுறை வாசிக்கச் செய்யுங்கள். எண்ணிட்ட மொழிப் பட்டியல் திரையில் இருந்தால் நிறுவி நலமாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. கோளாறு ஒலியில் மட்டுமே. திரை வெறுமையாக இருந்தாலோ, புரியாத எண்களும் சொற்களும் நிறைந்திருந்தாலோ, கணினி துவங்குவதிலேயே சிக்கல். இந்த ஒரு சோதனை செய்யாமல் மணிக்கணக்கில் தவறான பக்கம் தேடியவர்களை அறிவேன்.

ஒலியில் சிக்கல் என்று தெரிந்தால், முதலில் பார்க்க வேண்டியது உங்கள் காதில் இருப்பது புளூடூத் கருவியா என்பதே. நிறுவியில் புளூடூத் ஒலி கிடைக்காது. அடுத்தது, ஒலி எந்தச் சாதனத்துக்குப் போகிறது என்பது. இன்றைய மடிக்கணினிகளில், வெளித் திரையை இணைக்கும் எச்.டி.எம்.ஐ. துளை வழி ஒலியும் தனி சவுண்ட் கார்டாகவே கணக்கிடப்படுவதால், ஒலிபெருக்கி ஒன்றுதான் என்று நாம் நினைக்கும் கணினியில் இரண்டோ மூன்றோ இருக்கும். அப்படிப் பல இருந்தால் நிறுவி ஒவ்வொன்றிலும் மாறி மாறிப் பேசி, உங்களுக்கு வேண்டிய சாதனத்திலிருந்து குரல் கேட்கும்போது என்டர் அழுத்தச் சொல்லும்.

இங்கே நான் செய்த தவற்றைச் சொல்ல வேண்டும். முதல் முறை நிறுவியபோது, எஸ் தட்டி வெகு நேரம் ஒன்றும் கேட்காததால், விசை சரியாகப் பதியவில்லை போலும் என்று எண்ணி இன்னொரு முறை என்டர் அழுத்தினேன். அந்த நொடியில் நிறுவி எச்.டி.எம்.ஐ. வழியே, ஒலிபெருக்கியே இல்லாத ஒரு வெற்றுத் துளைக்குள், பேசிக்கொண்டிருந்தது. என் என்டரை அது 'இதுதான் வேண்டும்' என்ற விடையாக ஏற்றுக்கொண்டு, மொழிப் பட்டியலை அந்தத் துளைக்குள்ளேயே வாசித்துவிட்டு என் விடைக்காகக் காத்திருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து, பக்கத்து வீட்டுப் பையன் வந்து திரையைப் பார்த்து, 'அண்ணா, ஏதோ லாங்குவேஜ் லிஸ்ட் ஓடுது' என்ற பிறகே எனக்கு விளங்கியது. ஆகவே எஸ், என்டருக்குப் பின் குரல் கேட்கும் வரை விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். குரல் ஒலிக்கும்போதே என்டர் அழுத்துங்கள். ஓய்ந்த பிறகு அழுத்தாதீர்கள்.

கையை எடுத்துவிட்டும் குரல் வரவில்லையெனில், ஒலி வன்பொருளுக்குத் தனி ஃபர்ம்வேர் தேவைப்படுகிறது என்று கொள்ளலாம். அண்மைய இன்டெல் மடிக்கணினிகள் பலவற்றில் ஒலியைக் கையாளும் சில்லு, இன்டெல் தரும் கோப்பு ஒன்றை ஏற்றிக்கொண்ட பிறகே வேலை செய்யும். திறந்த உரிமமற்ற இத்தகைய கோப்புகளை டெபியன் நெடுங்காலம் தன் அதிகாரபூர்வ வெளியீட்டில் சேர்க்கவில்லை. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அவையும் இயல்பாகவே சேர்க்கப்படுகின்றன. மென்பொருள் சுதந்திரம் பற்றிய அந்த விவாதத்தில் இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஆனால் ஒலி இல்லாவிட்டால் நிறுவியின் முதல் கேள்வியைக்கூடக் கேட்க முடியாத நமக்கு அந்த முடிவு பெரும் விடுதலை. எனவே யாரோ எழுதிக் கொடுத்த பழைய பென் டிரைவைப் பயன்படுத்தாமல், டெபியன் 12 அல்லது 2025 ஆகஸ்டில் வந்த 13-ஐப் புதிதாகப் பதிவிறக்குங்கள். 32 பிட் செயலி உள்ள மிகப் பழைய கணினியென்றால் 12-தான் பொருந்தும். 13-இல் அத்தகைய கணினிகளுக்கான நிறுவி இல்லை.

அதன் பின்னும் அமைதி என்றால் யூ.எஸ்.பி. ஹெட்செட்டைச் செருகிவிட்டுக் கணினியைத் துவக்குங்கள். இவற்றுள் பெரும்பாலானவை ஒரே பொதுத் தரத்தின்படி இயங்குவதால் தனி டிரைவரோ ஃபர்ம்வேரோ வேண்டியதில்லை. என் பையில் எப்போதும் ஒரு யூ.எஸ்.பி. சவுண்ட் கார்டு கிடப்பது இதற்காகத்தான்.

பிரெயில் காட்சிக் கருவி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. யூ.எஸ்.பி.யில் இணைத்த பல பிரெயில் கருவிகளை நிறுவி தானாகவே அடையாளம் கண்டு, பி.ஆர்.எல்.டி.டி.ஒய். மென்பொருளின் மூலம் கேள்விகளைப் புள்ளிகளில் காட்டும். நம் ஊரில் அக்கருவியின் விலை பெரும்பாலோருக்கு எட்டாதது என்பதால் இங்கே விரிக்கவில்லை.

அறிகுறி: பேசுகிறது, ஆனால் பின்தொடர முடியவில்லை

இயல்பு வேகம் மிக மெதுவானது; பட்டியல் நீளும்போது பொறுமை போய்விடும். கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பிடித்து மேல் வரிசையிலுள்ள 6-ஐத் தட்டினால் வேகம் கூடும், 5-ஐத் தட்டினால் குறையும். அதேபோல் 2 ஒலியளவைக் கூட்டும், 1 குறைக்கும். மடிக்கணினியின் ஒலி விசைகள் இங்கே பெரும்பாலும் பயன்படா என்பதால் இந்த நான்கையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

தவறவிட்ட வரியை மறுபடி கேட்கத்தான் எண் தளம் வேண்டும் என்றேன். நிறுவியில் திரையை வாசிப்பது ஸ்பீக்கப் என்ற திரைவாசிப்பான்; அது லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள்ளேயே அமைந்தது. எண் தளத்தின் 8 நடப்பு வரியை வாசிக்கும். 7 முந்தைய வரிக்கும் 9 அடுத்த வரிக்கும் கொண்டுபோகும். 4, 5, 6 இதையே சொற்களுக்கும், 1, 2, 3 எழுத்துகளுக்கும் செய்யும். எண் தளத்தின் என்டர் பேச்சை நிறுத்தும். நெடிய பட்டியலில் 'இந்தியா'வுக்கு எதிரே சொன்ன எண் என்ன என்று தடுமாறும்போது, 7-ஐத் தட்டித் தட்டிப் பின்னோக்கிப் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

விடையளிப்பது எளிது. ஒவ்வொரு தெரிவுக்கும் ஓர் எண் உண்டு. எண்ணைத் தட்டி என்டர் அழுத்த வேண்டும். வெறும் என்டர் என்றால் இயல்பு விடையை ஏற்பதாகப் பொருள். தவறான விடை கொடுத்துவிட்டால், ஷிஃப்டுடன் கமா விசையைத் தட்டினால் வரும் 'சிறியது' குறியை இட்டு என்டர் அழுத்த, முந்தைய கேள்விக்குத் திரும்பலாம். வினாக்குறி உதவி தரும். ஆச்சரியக்குறி வெற்று விடையைக் குறிக்கும். கடவுச்சொல் கேட்கும்போது நீங்கள் தட்டும் எழுத்துகள் வாசிக்கப்படமாட்டா. விசைப்பலகை பழுதாகிவிட்டதோ என்று அஞ்சித் திரும்பத் தட்ட வேண்டாம். நிர்வாகிக்கான ரூட் கடவுச்சொல்லை வெறுமையாக விட்டால், அடுத்து உருவாக்கும் உங்கள் பயனர் கணக்குக்கே நிர்வாக உரிமை கிடைக்கும். தனி ஒருவர் பயன்படுத்தும் கணினிக்கு அதுவே வசதி.

அறிகுறி: நிறுவி வலையமைப்பைக் கண்டுகொள்ளவில்லை

ஆண்ட்ராய்டு செல்பேசியை யூ.எஸ்.பி. வடத்தால் இணைத்து, அதன் அமைப்புகளில் யூ.எஸ்.பி. டெதரிங் வசதியை இயக்குங்கள். நிறுவிக்கு அது கம்பிவழி இணைப்பைப் போலவே தெரியும் என்பதால் வைஃபை கடவுச்சொல் தட்டும் வேலையும் மிச்சம். பிறகு 'சிறியது' குறியால் பின்னோக்கிச் சென்று, வலையமைப்பைக் கண்டறியும் படியை மறுபடி ஓட்டுங்கள்.

அறிகுறி: வன்தட்டைப் பற்றிய கேள்விக்கே திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது

டெபியனை முதன்முறை நிறுவுகிற பார்வையற்றவர்களில் பலர் இந்தச் சுழலில் மாட்டுகிறார்கள். அதுவரை வந்த கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு வெறும் என்டரே போதுமானதாக இருந்திருக்கும். அந்தப் பழக்கத்தில் இங்கும் என்டரை அழுத்திக்கொண்டே போவோம். ஆனால் மாற்றங்களை வன்தட்டில் எழுதலாமா என்ற கடைசிக் கேள்விக்கு இயல்பு விடை 'இல்லை' என்பது. வெறும் என்டர் அழுத்தினால் நிறுவி மறுப்பாக எடுத்துக்கொண்டு, மரியாதையாகப் பழைய பட்டியலுக்கே திரும்பும். நாம் மறுபடி என்டர், மறுபடி என்டர் என்று அங்கேயே சுற்றிக்கொண்டிருப்போம். அந்தக் கேள்வி வரும்போது, ஆம் எனப் பொருள்படும் 'யெஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே வாசிக்கப்படும் எண்ணைத் தட்டி என்டர் அழுத்துங்கள். பெரும்பாலும் அது 1.

இது குறையன்று; நம்மைக் காப்பதற்கான ஏற்பாடு. அந்த எண்ணைத் தட்டிய பிறகு வன்தட்டில் இருந்தவை திரும்ப வாரா. ஆகவே அதற்கு முன், எந்த வட்டைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதை எண் தளத்தின் உதவியால் வரி வரியாகக் கேட்டு உறுதி செய்யுங்கள். நிறுவி வட்டுகளைப் பெயரோடும் கொள்ளளவோடும் சொல்லும். பெயரை நம்பாதீர்கள், எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. என்ற எழுத்துகள் சாதனங்கள் கண்டறியப்படும் வரிசையில் அமைபவை, சில வேளைகளில் பென் டிரைவே எஸ்.டி.ஏ. ஆகிவிடும். கொள்ளளவை நம்புங்கள். 500 ஜி.பி. வன்தட்டு 500.1 என்பதுபோல ஒலிக்கும், 16 ஜி.பி. பென் டிரைவோடு அதைக் குழப்பிக்கொள்ள வழியில்லை. தரவுகளை வைத்திருக்கும் வெளி வன்தட்டு இணைப்பில் இருந்தால், இந்தக் கட்டத்துக்கு வருவதற்கு முன்பே கழற்றி எடுத்து வேறு அறையில் வையுங்கள்.

வன்தட்டைப் பிரிக்கும் முறைகளில் 'கைடட், யூஸ் என்டயர் டிஸ்க்' என்று ஒலிக்கும் முதல் தெரிவே எளியது. முழு வட்டையும் டெபியனுக்கே கொடுத்துவிடும். விண்டோஸையும் கூடவே வைத்துக்கொள்ள விரும்புபவர்கள், விண்டோஸில் என்.வி.டி.ஏ. பேசிக்கொண்டிருக்கும்போதே வட்டு மேலாண்மைக் கருவியில் இடத்தைச் சுருக்கி ஒதுக்கிவிட்டு வருவது நல்லது. வட்டைக் கடவுச்சொல்லால் பூட்டும் குறியாக்கத்துடன் கூடிய தெரிவும் அங்கே உண்டு. அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் அடுத்த பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

அறிகுறி: நிறுவல் முடிந்தது, மறுதொடக்கத்துக்குப் பின் முழு அமைதி

துவங்கும்போது பழையபடி பீப் கேட்டு, சற்று நேரத்தில் மொழிப் பட்டியல் வாசிக்கப்பட்டால், பென் டிரைவை எடுக்க மறந்துவிட்டீர்கள். யூ.எஸ்.பி.யைத் துவக்க வரிசையில் முதலாவதாக வைத்தவர்களுக்கு இது நிச்சயம் ஒருமுறையாவது நடக்கும். எடுத்துவிட்டு மீண்டும் துவக்குங்கள்.

குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் அமைதிக்கு வேறு காரணம். வட்டைத் திறக்கும் கடவுச்சொல்லைக் கணினி கேட்பது இயங்குதளம் முழுமையாக எழுவதற்கு முன்; அந்தக் கட்டத்தில் பேச்சு மென்பொருள் இன்னும் வட்டுக்குள் பூட்டப்பட்டே இருக்கிறது. எனவே ஒலியின்றிக் கேட்கும் அந்தக் கேள்விக்கு ஒலியின்றியே விடையளிக்க வேண்டும். கணினியை இயக்கி அரை நிமிடம் பொறுத்து, கடவுச்சொல்லை நிதானமாகத் தட்டி என்டர் அழுத்துங்கள். சரியாக இருந்தால் அடுத்த அரை நிமிடத்துக்குள் பேச்சு எழும்; இல்லாவிட்டால் மறுபடி ஒருமுறை. சிறிய எழுத்தும் எண்ணும் மட்டும் கொண்ட நீண்ட கடவுச்சொல்லைத் தேர்ந்தெடுத்தால் ஷிஃப்ட் விசை பற்றிய ஐயம் குறையும்.

இவை இரண்டும் இல்லையெனில், வரைகலை உள்நுழைவுத் திரை வந்து, திரைவாசிப்பான் மட்டும் தொடங்காமல் இருக்கலாம். ஆல்ட், சூப்பர், எஸ் ஆகிய மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். சூப்பர் என்பது விண்டோஸ் சின்னமுள்ள விசை. க்னோம் என்ற வரைகலைச் சூழலில் ஆர்க்காவை இயக்கவும் நிறுத்தவும் இதுவே குறுக்குவழி. அதுவும் பலிக்காவிட்டால் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்து முனையத்துக்குப் போங்கள். பேச்சுடன் நிறுவிய கணினியில் அங்கே, ஸ்பீக்கப்பையும் ஈஸ்பீக்கையும் இணைக்கும் ஈஸ்பீக்கப் சேவை பேசும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே நுழைந்து பழுதைப் பார்க்கலாம். முனையத்தில் பேசி, வரைகலைச் சூழலில் மட்டும் ஊமையாக இருந்தால், ஒரே சவுண்ட் கார்டுக்கு ஈஸ்பீக்கப்பும் வரைகலைச் சூழலின் ஒலிச் சேவையும் போட்டியிடுவது காரணமாக இருக்கலாம். ஈஸ்பீக்கப் சேவையைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு ஆர்க்காவை மறுபடி தொடங்கினால் அது உறுதியாகும்.

கணினி பேசத் தொடங்கியதும் முதல் வேலையாக நான் செய்வது ஒன்று உண்டு. கணினி எழும்போது டெபியனைத் துவக்கிவைக்கும் மென்பொருளான கிரப்பின் அமைப்புக் கோப்பின் இறுதிப் பகுதியில், துவங்கும்போது பீப் எழுப்புவதற்கான வரி ஒன்று முன்னால் ஹேஷ் குறியிட்டு முடக்கப்பட்டிருக்கும். 480, 440, 1 என்ற மூன்று எண்களால் அதை அடையாளம் காணலாம். அந்தக் குறியை நீக்கி, கிரப்பைப் புதுப்பித்துவிட்டால், ஒவ்வொரு முறையும் துவக்கி எழுந்ததை ஒலியால் அறியலாம். பீப் ஒலிபெருக்கி உள்ள கணினியில் இது பெரிய துணை.

அறிகுறி: டெபியன் அன்று, விண்டோஸ் 11 நிறுவுகிறேன், நரேட்டர் பேசவில்லை

தகுதியுள்ள கணினி வைத்திருப்பவர்கள் இதைக் கேட்பதால் சேர்க்கிறேன். ஏற்கெனவே விண்டோஸ் ஓடுகிற கணினி என்றால், பென் டிரைவிலிருந்து துவக்கவே வேண்டாம், பதிவிறக்கிய நிறுவல் வட்டுக் கோப்பான ஐ.எஸ்.ஓ. கோப்பைத் திறந்து அதிலுள்ள செட்டப்பை அங்கிருந்தே ஓட்டினால், பெரும்பகுதிக் கேள்விகளுக்கு என்.வி.டி.ஏ.வின் துணையுடனே விடையளித்துவிடலாம். வெற்று வன்தட்டில் நிறுவுவதாக இருந்தால், பென் டிரைவிலிருந்து துவங்கி இரண்டு நிமிடம் கழித்து கண்ட்ரோல், விண்டோஸ், என்டர் அழுத்துங்கள். அந்த நிறுவல் சூழலில் உள்ள ஒலி டிரைவர்கள் மிகச் சில என்பதால் புதிய மடிக்கணினிகளில் அமைதியே விடையாக வரக்கூடும், அங்கும் யூ.எஸ்.பி. ஹெட்செட்டே பெரும்பாலும் கைகொடுக்கிறது. கோப்புகள் நகலெடுக்கப்பட்டு, கணினி தானாக மறுதொடக்கம் ஆகி, நாடும் விசைப்பலகையும் கேட்கும் கட்டம் வரும்போது நரேட்டர் தானாகத் தொடராது. அதே மூன்று விசைகளை மறுபடி அழுத்த வேண்டும்.